செல்வன் கிளாட்வின் ஆடாத ஆட்டங்கள்

1994 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னத் தெருவில், ‘தாம்பரம் தூது’ கேட்டைத் தாண்டி வந்து விழுந்தபோது தபீதாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அது இலவசப் பத்திரிகை. எட்டுப் பக்கத்தில் ஆறு பக்கம் மனை விற்பனை, ஒரு பக்கம் கல்யாண மண்டபம். மிச்சமிருக்கும் ஒரே பக்கத்தில்தான் சாக்கடை அடைப்பு முதல் சங்கீதக் கச்சேரி வரை ஊரின் சகல சமாசாரமும். வழக்கமாக அது படிக்கப்படாமலே பழைய பேப்பர் கட்டுக்குப் போய்விடும். அன்று அவள் வாளியை அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுத்தாள்.

ஏழாம் பக்கத்தில் இருந்தது. ‘கடந்த ஆண்டில் எனக்குப் பிடித்த வீடியோ கேம்கள்’ - முதல் பரிசு பெற்ற கட்டுரை. அவள் எழுதிய கட்டுரை. அவள் வரிசைப்படுத்திய ஐந்து விளையாட்டுகள். அடியில் கொட்டை எழுத்தில் பெயர்: செல்வன் எ. கிளாட்வின், வயது 14, ஒன்பதாம் வகுப்பு.

கிளாட்வின் அவள் மகன். அந்த நேரத்தில் கிணற்றடியில் நின்று வாயெல்லாம் நுரையாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

தபீதாள் நின்ற இடத்திலேயே முழுவதையும் படித்தாள். பாதியைக் காணோம். காணாமல் போன பாதிக்குப் பதிலாக, கடைசியில் அவள் எழுதாத இரண்டு வரி முளைத்திருந்தது. ‘பாடங்களை முடித்த பிறகே விளையாடுவேன். என் வெற்றிக்குக் காரணம் என் அன்புப் பெற்றோரே.’

“என்னங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் அவள் கணவன் எட்மண்ட் பனியனோடு வாசலுக்கு வந்துவிட்டார். ரயில்வேயில் கிளார்க், எதையும் இரண்டு முறை படித்த பிறகே கருத்துச் சொல்லும் மனிதர். இரண்டு முறை படித்தார்.

“நல்லாத்தானே இருக்கு. கிளாடு எழுதினானா?”

“நான் எழுதினேன்.”

“நீ எழுதிக் குடுத்தியா?”

“நான் எழுதினேன். எனக்காக எழுதினேன். இது அத்தனையும் நான் ஆடின ஆட்டம்.”

எட்மண்ட் மூன்றாவது முறையும் படித்தார். “நீ எப்ப ஆடுன?”

“மத்தியானம்.”

“எத்தனை நாளா?”

“ஒன்றரை வருஷமா.”

பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நுரையைத் துப்பிவிட்டு ஓடிவந்தான். “டி.வி. கேமைப் பீரோல வச்சுப் பூட்டிட்டு நீங்க ஆடினீங்களா? எனக்கு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்து ஒரே ஒரு மணி நேரம்! பரிட்சை வந்தா அதுவும் கட்! டெய்லி ஆடினீங்களாம்மா?”

“சனி, ஞாயிறு ஆடலை” என்றாள் தபீதாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

“விடு தபீ” என்றார் எட்மண்ட். “யார் பேர்ல வந்தா என்ன? நம்ம வீட்டுக்குள்ளதானே வந்திருக்கு.”

அந்த வாக்கியம் அவளுக்குப் புதிதல்ல. சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அவள் விடியக்காலை எழுந்து செய்து அனுப்பும் கேக்கை வருஷா வருஷம் ‘எட்மண்ட் சார் வீட்டு கேக்’ என்று கூவி ஏலம் விடுவார்கள். எட்மண்ட் சாருக்கு முட்டையை உடைக்கத் தெரியாது. அதற்கும் இதே வாக்கியம்தான். அப்போதெல்லாம் அவள் சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள். கேக்கைத் தின்றால் தீர்ந்துபோகும். இது அச்சில் ஏறிவிட்டதே!

*

தபீதாள் கீழ்க்கட்டளையில் பிறந்தவள். அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். பெண்ணை டீச்சராக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பெண்ணுக்குப் பிள்ளைகளைக் கண்டால் ஆகாது. பல்லாவரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தாள். கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. இருபத்திரண்டு வருஷம் தாம்பரம் - பீச் எலெக்ட்ரிக் ரயிலில் போய்வந்து, யார் யாரோ கையெழுத்துப் போடுகிற கடிதங்களை அடித்துக் கொடுத்தாள். ஆறு கார்பன் பேப்பர் வைத்து அடித்தாலும் ஆறாவது பிரதியிலும் எழுத்து தெரியும். அப்படி ஒரு விரல். மேனேஜரின் ஆங்கிலத்தை அவள்தான் திருத்துவாள். ‘லாங்வேஜ் நல்லா இருக்கு’ என்ற பாராட்டு மேனேஜருக்கு வரும்.

தொண்ணூறில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏசி மாட்டி, வாசலில் ‘செருப்பைக் கழற்றவும்’ என்று பலகை வைத்தார்கள். அந்தப் பலகையை டைப் அடித்ததும் தபீதாள்தான். உள்ளே போக அவளுக்கு அனுமதியில்லை. டிப்ளமா முடித்த இரண்டு பையன்கள் வந்து, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்ததை அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். “எனக்கு ஒரு வாரம் சொல்லிக் குடுங்க சார், நான் அடிக்கிறேன்” என்று கேட்டாள். “உங்களுக்கு எதுக்கும்மா இந்த வயசுல” என்றார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. தொண்ணூற்றிரண்டு ஏப்ரலில் டைப்பிஸ்ட் செக்‌ஷனையே மூடி, விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டினார்கள். யாருடைய விருப்பம் என்று அவள் கேட்டதற்கு, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்கள். அந்தத் தாளையும் அவள்தான் அடித்திருந்தாள்.

ஜூன் மாதம் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த அவள் தம்பி யேசுதாசன் கிளாட்வினுக்கு ஒரு டி.வி. கேம் வாங்கி வந்தான். ஒரு பெட்டி, இரண்டு ரிமோட், நாலு கேசட். ஒரு கேசட்டின் மேல் ‘999 விளையாட்டுகள்’ என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது ஏழு. அதையே கலரை மாற்றி மாற்றிப் போட்டு வைத்திருந்தார்கள். பையன் படிப்பு கெட்டுப்போகும் என்று எட்மண்ட் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். சாவி தபீதாளின் இடுப்பில்.

முதல் தடவை அவள் எடுத்தது துடைத்து வைக்கத்தான். சத்தியமாக. ஒயரைச் சொருகிப் பார்த்தாள். திரை வந்ததும் விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. டைப்ரைட்டரில் இருபத்திரண்டு வருஷம், கையைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே அடித்தவள். இங்கேயும் கையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நாலாவது நாள், கிளாட்வின் மூன்று மாதமாகத் தாண்ட முடியாமல் தவித்த பாலத்தை அவள் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வந்து தாண்டினாள்.

சாட்சி ஒரே ஒருத்திதான். இரும்புலியூரிலிருந்து பாத்திரம் தேய்க்க வரும் கனகவல்லி. வேலை முடித்து, அந்த நேரத்துக்கான காபித் தம்ளரோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். ரிமோட்டை நீட்டினால் வாங்கமாட்டாள். “வாணாம்க்கா, எங்கையி சோப்பு. நீ ஆடு, நான் சொல்றேன்” என்பாள். சொல்வாள். “யக்கா, மேல பாரு, மேல! கல்லு வருது! ஐயே, செத்தான் கட்டையில போறவன்!”

கேசட்டின் மேல் இருந்த எழுத்து சீனமோ ஜப்பானோ, இருவருக்கும் தெரியாது. கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே! கனகவல்லி வைத்தாள். அடிபடும் ஒவ்வொரு முறையும் தொப்பி, சட்டை, செருப்பு என்று ஒவ்வொன்றாகப் பறிகொடுத்து, கடைசியில் டவுசரோடு ஓடுகிறவனுக்கு ‘ஓட்டாண்டி’. வயிறு சரிய நடந்து குழாய் குழாயாக முட்டையிட்டுப் போகும் பறவைக்குப் ‘புள்ளத்தாச்சிக் கோழி’. எதிரே லாரிகள் பேய் மாதிரி வரும் கார்ப் பந்தயத்துக்குத் ‘திரிசூலம் லாரி’. திரிசூலத்துக் கல்குவாரி லாரிக்குத் தப்பிப் பிழைக்கிறவர்களுக்கு விளக்கமே வேண்டாம். மேலேயிருந்து கட்டை கட்டையாக விழுந்து காலி இடத்தை அடைத்துக்கொண்டே வரும் விளையாட்டுக்குப் ‘பொறம்போக்கு’. “இப்டித்தாங்க்கா எங்க பக்கம். நேத்து காலியா கீதேன்னு பாத்தா இன்னிக்கி நாலு பேரு கல்லு நட்டுனு கீறான்.”

*

தொண்ணூற்று மூன்று டிசம்பரில் ‘தாம்பரம் தூது’ அந்தப் போட்டியை அறிவித்தது. மேற்குத் தாம்பரத்தில் புதிதாகத் திறந்த ‘நியூ கமலா எலக்ட்ரானிக்ஸ்’ கடையின் உபயம். முதல் பரிசு ஒரு புது கேசட்டும் சான்றிதழும். வயது வரம்பு என்று எதுவும் போடவில்லை; தபீதாள் அதை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டாள். கூப்பனில் பெயர், வயது, வகுப்பு, முகவரி என்று நாலு கட்டம். ‘தபீதாள் எட்மண்ட்’ என்று எழுதினாள். 44 என்று எழுதினாள். வகுப்பு என்ற கட்டத்தைக் காலியாக விடுவது முறையாகாது என்று, டைப்ரைட்டிங் ஹையர் என்று எழுதினாள்.

மூன்று மத்தியானம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டுரை எழுதினாள். முதல் வரியே, ‘999 என்று விற்று 7 கொடுப்பது விளையாட்டல்ல, ஏமாற்று வேலை’ என்று தொடங்கியது. அச்சில் அந்த வரி இல்லை. கேசட் விற்கிறவரே பரிசு கொடுக்கும்போது எப்படி இருக்கும்? ‘பொறம்போக்கு’க்கு முதலிடம் கொடுத்து, ‘இதில் யாரையும் சுட வேண்டாம், யாரும் நம்மைக் காப்பாற்றவும் வேண்டாம். வருவதை வைத்து அடுக்கத் தெரிந்தால் போதும். எவ்வளவு நன்றாக அடுக்கினாலும் கடைசியில் நிரம்பித்தான் போகிறது. அதில் ஏமாற்று இல்லை’ என்று எழுதியிருந்தாள். அது அப்படியே வந்திருந்தது, பதினாலு வயசுப் பையன் சொன்ன மாதிரி.

அவளுக்கு வயிறு எரிந்தது ஐந்தாம் இடத்துக்கு. ‘மாடிவூட்டு அம்மா’ என்று கனகவல்லி பெயரிட்ட விளையாட்டு. தபீதாள் எழுதியது இது:

‘கோபுரத்தின் உச்சியில் ஒரு பெண்ணை அடைத்து வைத்திருக்கிறார்கள். பதினாறு மாடி ஏறிப் போய்ச் சேர்ந்தால் இரண்டு வரி ஆங்கிலம் வருகிறது. அதிலும் எழுத்துப் பிழை. உடனே அவளை மறுபடி அடைத்துவிட்டு ஆட்டம் முதலிலிருந்து தொடங்குகிறது. அவ்வளவு நாள் உள்ளே அவள் என்ன செய்துகொண்டிருந்தாள், அவளுக்குக் கதவைத் திறக்கத் தெரியாதா, இதைச் செய்தவர்கள் யோசிக்கவே இல்லை. இசை நன்றாக இருப்பதால் ஐந்தாம் இடம்.’

அச்சில் வந்தது: ‘கோபுரத்தின் உச்சியில் ஒரு பெண்ணை அடைத்து வைத்திருக்கிறார்கள். இசை நன்றாக இருக்கிறது.’

*

திங்கட்கிழமை எட்மண்ட் ஆபீசுக்கும் கிளாட்வின் பள்ளிக்கும் போனதும், தபீதாள் ஆபீசுக்குக் கட்டுகிற வாயில் புடவையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். ஒன்றேமுக்கால் வருஷமாகப் பெட்டியில் இருந்த புடவை. ஸ்டேஷன் நடைபாலம் ஏறி மேற்கே இறங்கி, ஓர் அச்சாபீசின் மாடியில் இருந்த ‘தாம்பரம் தூது’ அலுவலகத்தைக் கண்டுபிடித்தாள்.

ஆசிரியர் தோத்தாத்ரி அறுபதைத் தாண்டியவர், மரியாதைக்காரர். பரிசுக் கட்டுரை விஷயம் என்றதும் நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டார். “கிளாட்வினோட அம்மாவா? வாங்கோ வாங்கோ. பையன் என்னமா யோசிக்கறான்! வயசுக்கு மீறின புத்தி.”

“வயசுக்கு மீறலை சார். என் வயசு நாப்பத்திநாலு. அதை எழுதினது நான்.”

“நீங்க எழுதிக் குடுத்தேள். கையெழுத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது. மொத்தம் இருபத்தெட்டு கட்டுரை வந்தது. அதுல இருபது அம்மாக்கள் கையெழுத்துதான். எல்லா ஆத்துலயும் நடக்கறதுதானேம்மா. அதுல தப்பே இல்லை.”

“சார், கூப்பன்ல என் பேர் இருந்ததே.”

“இருந்தது. பெற்றோர் பேர்னு நினைச்சோம். வயசு நாப்பத்திநாலுன்னு இருந்ததா, கம்பாசிட்டர் பதினாலாத்தான் இருக்கும், பேனா இழுத்திருக்கும்னான். உங்க தெருவுக்குப் பேப்பர் போடற அரிகிருஷ்ணனைக் கேட்டேன். அந்த வீட்ல ஒரு பையன் இருக்கான், கிளாட்வின்னு பேர், ஒன்பதாவது படிக்கறான்னு சொன்னான். எல்லாம் சரியா விழுந்துடுத்து. விசாரிக்காம நாங்க எதையும் போடறதில்லை.”

“வகுப்புன்னு இருந்த இடத்துல டைப்ரைட்டிங் ஹையர்னு போட்டிருந்தேன்.”

“அது உங்க குவாலிஃபிகேஷன்னு எடுத்துண்டோம்.” அவர் கொஞ்சம் முன்னால் குனிந்து, ரகசியம் கேட்பவர்போல் கேட்டார். “நிஜமாவே நீங்க ஆடுவேளா?”

“ஆடாம எப்படி சார் எழுதறது?”

“இல்லை, பாத்துண்டு இருந்து எழுதலாமே.”

“படிச்சு முடிச்ச பிறகுதான் விளையாடுவேன்னு ஒரு வரி இருக்கே, அது யார் எழுதினது?”

“அது நான் சேத்தது” என்றார் தோத்தாத்ரி, பாராட்டை எதிர்பார்க்கிறவர் மாதிரி. “நாலு பேர் படிக்கற பேப்பர். ஒரு நல்ல கருத்து வேணுமோல்லியோ?”

“அந்த மாடியில அடைச்சு வச்ச பொண்ணைப் பத்தி நான் எழுதினதை எடுத்துட்டீங்களே, அது நல்ல கருத்தில்லையா?”

அவர் காபிக்குச் சொன்னார். காபி வந்தது, அவள் தொடவில்லை. கடைசியில் அவரே ஒரு சமரசத்துக்கு வந்தார். “ஒண்ணு பண்றேன். அடுத்த இதழ்ல ஒரு வரி போட்டுடறேன். ‘செல்வன் கிளாட்வின் தன் தாயாரின் உதவியுடன் எழுதியது.’ உங்களுக்கும் திருப்தி, பையனுக்கும் பெருமை.”

“உதவியுடனா?” என்றாள் தபீதாள். எழுந்துவிட்டாள். “சார், என் பையன் அந்தப் பொறம்போக்கு ஆட்டத்துல மூணு நிமிஷம் தாங்கமாட்டான்.”

இரண்டிரண்டு படியாக இறங்கினாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றபோது வராத கோபம் நாலு வருஷம் கழித்து இப்போது வந்திருந்தது.

*

மத்தியானம் கனகவல்லி வந்தாள். தபீதாள் அடுப்படியில் நின்றபடி நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். கனகவல்லி பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் அவள் கோபமும் தெரிந்தது.

“ஆடுனது நீ, பேரு கெலிச்சது உம்புள்ளையா? இன்னா அநியாயம்க்கா இது! கேக்க ஆளில்லன்னு நெனச்சிகினானா?”

“அதான் கேட்டுட்டு வந்தேன்.”

“இன்னாதான் எழுதனே? படி, கேக்கலாம்.”

தபீதாள் தன்னிடம் இருந்த கைப்பிரதியை எடுத்துவந்து படித்தாள், அச்சில் வெட்டுப்பட்ட வரிகளையும் சேர்த்து. கனகவல்லி தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ‘ஓட்டாண்டி’ வந்ததும் சிரித்தாள். ‘திரிசூலம் லாரி’க்குத் தொடையில் தட்டினாள். ஐந்தாவது முடிந்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“யக்கா. இதுல கீற பேருங்க அல்லாம் நான் வெச்சதுதான?”

“ஆமா.”

“அந்த பொண்ணு உள்ள இன்னா பண்ணிகினு கீதுன்னு கேட்டதும் நாந்தான். ஒரு நா நீ மாடியேற சொல்லோ கேட்டேன். நீ கூட, சும்மா இரு கனகு, செத்துருவேன்னே.”

தபீதாளுக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. கனகவல்லி கேட்டிருந்தாள். கதவைத் திறக்கத் தெரியாதா என்பது மட்டும்தான் தபீதாளுடையது.

“எம்பேரு எங்கனா போட்டியா?”

தபீதாள் கையில் இருந்த தாள்களைப் பார்த்தாள், தேடினால் கிடைத்துவிடும் என்பதுபோல. ‘நாங்கள் வைத்துக்கொண்ட பெயர்கள்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். நாங்கள் யார் என்று எழுதவில்லை.

“தோணலை கனகு. கனகவல்லியின் உதவியுடன்னு ஒரு வரி போட்டிருக்க...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

கனகவல்லி மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தாள். காபித் தம்ளர் மேடையில் ஆறிக்கொண்டிருந்தது, குடிக்காமலே போனாள். மறுநாள் வந்து, வேலையை முடித்து, முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு மறுநாளும் அப்படியே. தபீதாள் டி.வி. கேமை எடுக்கவே இல்லை. வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தாள். உப்புக் குறைந்ததற்கு எட்மண்ட் வாய் திறந்தபோது, “உதவியுடன் சாப்பிடுங்க” என்று ஊறுகாய் ஜாடியை எதிரில் வைத்தாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கிளாட்வினுக்கு வேறு கஷ்டம். “ஸ்கூல்ல எல்லாரும் திரிசூலம் லாரில மூணாவது ரவுண்டு எப்படிடா போறதுன்னு கேக்கறாங்கம்மா. நான் ரெண்டாவதே போனதில்லை.”

“அப்ப உண்மையைச் சொல்லு.”

“எங்கம்மா ஆடறாங்கன்னு சொன்னா சிரிப்பாங்க.”

“ஆடாதவன் பேர் வந்திருக்கு, அதுக்குச் சிரிக்கலையா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “மூணாவது ரவுண்டு எப்படிம்மா போறது?”

“லாரியைப் பாக்காதே. ரோட்டைப் பாரு” என்றாள் தபீதாள், கோபம் குறையாமலே.

*

பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரிசளிப்பு. கடை வாசலில் ஷாமியானா, ஐம்பது நாற்காலி, மைக். வாசலை அடைத்து ஒரு பெரிய டி.வி.; அதில் கேம் ஓடிக்கொண்டிருந்தது. தபீதாள் புறப்படும் முன் இரும்புலியூருக்கு ஆட்டோ பிடித்துப் போய்க் கனகவல்லி வீட்டு வாசலில் நின்றாள். “வா” என்றாள். “எதுக்கு?” என்றாள் கனகவல்லி. “வந்து பாரு.” கனகவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

“முதல் பரிசு, செல்வன் கிளாட்வின்!” என்றார் கடைக்காரர் சாம்பசிவன். கிளாட்வின் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டான். தபீதாள் எழுந்து போனாள்.

“மகனுக்குப் பதிலா அம்மா வாங்கிக்கிறாங்க” என்று சாம்பசிவன் மைக்கில் சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். கையில் சான்றிதழை நீட்டினார். அதில் ‘செல்வன்/செல்வி’ என்றுதான் அச்சடித்திருந்தது. மூன்றாவதாக ஒருத்தி வரக்கூடும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. தபீதாள் அதை வாங்காமல் மைக்கை வாங்கினாள்.

“இதை எழுதினது என் மகன் இல்லை. நான். என் பேர் தபீதாள். அத்தனை ஆட்டமும் நான் ஆடினது. அந்த ஆட்டங்களுக்குப் பேர் வச்சவங்க கனகவல்லி. அதோ நிக்கிறாங்க. அந்தக் கோபுரத்துப் பொண்ணைப் பத்திக் கேட்டதும் அவங்கதான். அவங்க பேரை நான் போடலை. அது என் தப்பு. என் பேரைப் பேப்பர் போடலை. அது அவங்க தப்பு. ரெண்டையும் திருத்தினாத்தான் இந்தப் பரிசை வாங்குவேன்.”

கூட்டம் சலசலத்தது. எங்கோ சிரிப்புக் கேட்டது. முதல் வரிசையில் இருந்த தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாம்பசிவன் வியாபாரி, சமாளிக்கத் தெரிந்தவர். டி.வி.யைக் காட்டி, “அப்படியாம்மா? சரி, எல்லாரும் பாக்கட்டும், ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்களேன்” என்றார். கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. “ஆடுங்கக்கா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தபீதாளின் விரல்கள் அரித்தன. திரையில் ஓடியது அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆடக்கூடிய ஆட்டம்.

“எதுக்கு?” என்றாள். “பதினாலு வயசுப் பையன்னு நினைச்சீங்களே, அவனை ஆடிக் காட்டச் சொன்னீங்களா? பேரைப் போட்டுட்டீங்க, பரிசும் குடுக்க வந்துட்டீங்க. எனக்கு மட்டும் எதுக்கு டெஸ்ட்?”

மைக்கைச் சாம்பசிவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். பரிசு மேஜை மேலேயே இருந்தது. எட்மண்ட் எழுந்து நின்றிருந்தார். அவர் வாயிலிருந்து ‘விடு தபீ’ வரும் என்று அவள் காத்திருந்தாள். “அவ கேக்கறதுல என்ன தப்பு?” என்று அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கிளாட்வின் காது வரைக்கும் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான், ஆனால் ஓடிப்போகவில்லை.

திரும்பும் வழியில் நடைபாலத்தில் கனகவல்லி, “ஆடிக் காட்டியிருக்கலாம்க்கா. அவன் மூஞ்சி போற போக்கப் பாத்திருக்கலாம்” என்றாள்.

“நாளைக்கு மத்தியானம் ஆடறேன். வந்து பாரு” என்றாள் தபீதாள்.

*

அடுத்த சனிக்கிழமை ‘தாம்பரம் தூது’ வந்தது. கனகவல்லி வரும்வரை தபீதாள் அதைப் பிரிக்கவில்லை. இருவரும் தரையில் விரித்துவைத்துத் தேடினார்கள். முதல் பக்கத்தில் இல்லை. ஏழாம் பக்கத்தில் இல்லை. ஆறாம் பக்கத்தின் மூலையில், வண்டலூர் மனை விளம்பரத்துக்கும் மூலநோய் வைத்தியத்துக்கும் நடுவில் இருந்தது.

திருத்தம்: ஜனவரி 8 இதழில் வெளியான பரிசுக் கட்டுரையை எழுதியவர் திருமதி தபீதாள் எட்மண்ட் (44). விளையாட்டுகளுக்குப் பெயர் சூட்டியவர் திருமதி கனகவல்லி, இரும்புலியூர்.

கனகவல்லி ஐந்தாவது வரை படித்தவள். விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்ந்தாள். தன் பெயருக்கு வந்ததும் விரல் நின்றது. விரல் நுனியை எடுத்தால்தான் பெயர் தெரிந்தது. அவ்வளவு சின்ன எழுத்து.

“இன்னாக்கா இது! எறும்பு ஊர்ந்தா மாறி கீது? அன்னிக்கி கிளாடு பேர இம்மாம் பெருசா போட்டான்!” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். “தப்ப சொல்ல சொல்லோ கொட்டை எழுத்து, சரிய சொல்ல சொல்லோ பூதக்கண்ணாடியா?”

“வெட்டுன வரியையும் போடலை” என்றாள் தபீதாள். குரல் ஏறிவிட்டது. “அந்தப் பெற்றோர் வரி இன்னும் என் கட்டுரையிலதான் இருக்கு.”

“அந்த ஆபீசு எங்க கீது?”

“ஸ்டேஷன் தாண்டி.”

கனகவல்லி பேப்பரை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பாத்திரங்கள் குழாயடியில் போட்டது போட்டபடி கிடந்தன. தபீதாள் அடுப்பை அணைத்தாள், டி.வி.யில் பாதியில் நிறுத்தி வைத்திருந்த ‘பொறம்போக்கு’ ஆட்டத்தை அணைக்கவில்லை. கதவைப் பூட்டும்போது எட்மண்ட் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“எங்க கிளம்பிட்டீங்க ரெண்டு பேரும்?”

“எழுத்தைப் பெருசாக்க” என்றாள் தபீதாள். “சோறு மூடி வச்சிருக்கு. போட்டுச் சாப்பிடுங்க.”